மார்க் 2 அம்பாசிடருக்கு எந்த எஞ்சின் ஆயில்? பயன்படுத்திப் பார்த்தவற்றின் மதிப்பீடு

மார்க் 2 அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும் நேரம் வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டப்பாவில் எழுதியிருப்பதில் எதைப் பார்த்து வாங்குவது? கடை அலமாரியில் இருக்கும் ஆயில்களில் பெரும்பாலானவை இன்றைய கார்களுக்காகத் தயாரானவை. அவற்றின் பக்கத்திலேயே, தேய்ந்த எஞ்சினைச் சரிசெய்துவிடுவதாகச் சொல்லும் சிறு பாட்டில்களும் அடுக்கியிருக்கின்றன. என் காரில் ஊற்றிப் பார்த்த ஆயில்களையும், வாங்கலாமா என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கும் சேர்ப்புத் திரவங்களையும் இங்கே மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதுமான ஜிங்க் (தேய்மானத்தைத் தடுக்கும் சேர்மம்) உள்ள, 20டபிள்யூ-50 என்ற தடிமன் கிரேடு ஆயிலை நம்பகமான இடத்தில் வாங்கி, கார் குறைவாக ஓடியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவந்தால், அந்தச் சிறு பாட்டில்களில் ஏறத்தாழ எதுவுமே தேவைப்படாது. ஏன் அப்படி என்பதற்கான காரணங்கள் இந்த எஞ்சினின் அமைப்பிலேயே இருப்பதால், அங்கிருந்து தொடங்குகிறேன்.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரித்த அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது. மார்க் 2 காரில் இருப்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். இதில் வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்கின் உள்ளேயே இருக்கிறது. அந்தத் தண்டின் மேடான கேம் லோப், தன் மேல் நிற்கும் சிறு உருளையான டேப்பெட்டைத் தூக்க, டேப்பெட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராடு ராக்கர் வழியாக வால்வைத் திறக்கிறது. டேப்பெட்டின் அடிமுகம் தட்டையானது. லோப் அதன்மேல் உராய்ந்துகொண்டேதான் சுழல வேண்டும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் இந்த இடத்தில் உருளும் ரோலர் இருக்கிறது. ரோலர் இல்லாத பழைய எஞ்சினில், மயிரிழை அகலமே உள்ள ஒரு கோட்டில் வால்வு ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் விழுகிறது. அங்கே பேரிங்கில் நிற்பதைப் போல ஆயில் படலம் தடித்து நிற்பதில்லை. இரும்பும் இரும்பும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன.

பலர் கவனிக்காத ஒரு செய்தி இதில் உண்டு. லோபின் மூக்குப் பகுதியில் விழும் அழுத்தம் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது குறைகிறது. ஏனென்றால் மேலே எறியப்பட்ட வால்வு, ராக்கர், புஷ் ராடு ஆகியவற்றின் உந்தம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மிக அதிக அழுத்தம் விழுவது, கார் நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங்கில்தான். மேலும், கேமுக்கும் டேப்பெட்டுக்கும் கிடைக்கும் ஆயிலில் கணிசமான பங்கு கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயில் என்பதால், ஐடிலிங்கில் அதுவும் குறைந்துவிடுகிறது. கிண்டி மேம்பாலத்துக்கு அடியில் சிக்னலுக்காகக் காத்து நிற்கும் கார், நெடுஞ்சாலையில் ஓடும் காரைவிடக் கேமுக்கு அதிக வேதனை தருகிறது. ஆகவே, ‘நான் மெதுவாகத்தான் ஓட்டுகிறேன், எந்த ஆயிலும் போதும்’ என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

அந்த மயிரிழைக் கோட்டைக் காப்பாற்றுவதுதான் மெக்கானிக்குகள் சுருக்கமாக ‘ஜிங்க்’ என்று சொல்லும் சேர்மம். துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த இந்தப் பொருள் 1940களிலிருந்து எஞ்சின் ஆயிலில் கலக்கப்பட்டுவருகிறது. உராய்வின் சூட்டிலும் அழுத்தத்திலும் இது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பாஸ்பேட் படலமாகப் படிகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இரும்புக்குப் பதிலாக அந்தப் படலம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் ஆயிலிலிருந்து மீண்டும் புதிதாகப் படிகிறது.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் குறைத்தார்கள் என்று கேட்டால், காரணம் சைலன்சர் பாதையில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். எஞ்சினில் சிறிதளவு ஆயில் எரிவது தவிர்க்க முடியாதது. அதோடு போகும் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் வினையூக்கிப் பரப்பை மூடிவிடுகிறது. எனவே பெட்ரோல் எஞ்சின் ஆயில்களில் பாஸ்பரஸின் உச்ச அளவும், அதோடு ஜிங்க்கும், படிப்படியாகக் குறைக்கப்பட்டன. 1990களின் நடுவில், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்ஜே தரம் வந்த காலத்தில் பாஸ்பரஸ் உச்சம் 0.10 சதவீதம். 2004இல் எஸ்எம் தரம் வந்தபோது 0.08 சதவீதம். 2010இன் எஸ்என், 2020இன் எஸ்பி ஆகிய தரங்களிலும் அதே உச்சம்தான் தொடர்கிறது. நம்முடைய மார்க் 2 காரில் கன்வெர்ட்டரே கிடையாது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய கார்களுக்கு அது கட்டாயமானது 1995இல்தான். ஆக, இல்லாத ஓர் உறுப்பைக் காப்பாற்றுவதற்காக, இருக்கும் உறுப்புக்குத் தேவையான பாதுகாப்பைக் குறைத்த ஆயிலை நாம் வாங்க வேண்டியதில்லை.

அதே நேரத்தில், ‘எஸ்என் என்றோ எஸ்பி என்றோ போட்டிருந்தால் ஜிங்க் இருக்காது’ என்று பரவலாகச் சொல்லப்படுவது முழு உண்மையல்ல. மேலே சொன்ன உச்சவரம்பு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய, எரிபொருள் சேமிக்கும் கிரேடுகளுக்கு மட்டுமே பொருந்தும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற தடித்த கிரேடுகளுக்கு அது கட்டாயமில்லை. தயாரிப்பாளர் விரும்பினால் அதிகம் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். எனவே தரக் குறியீட்டைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அந்த ஆயிலுக்கான தொழில்நுட்பத் தகவல் தாளை வாங்கி, அதில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்ப்பதே சரியான வழி. பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் இந்தத் தாள் கிடைக்கிறது. அதில் பாஸ்பரஸ் அளவு இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்கலாம், கேட்டால் சொல்கிறார்கள். 0.10 முதல் 0.14 சதவீதம் வரை இருந்தால் தட்டை டேப்பெட்டுக்கு அது நல்ல அளவு.

அடுத்தது தடிமன். ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் கணக்குப்படி, 100 டிகிரி செல்சியஸில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9. பழைய எஞ்சின்களில் பேரிங் இடைவெளிகள் இன்றைய எஞ்சின்களைவிடத் தாராளமானவை. பல ஆண்டுகள் ஓடிய பிறகு இன்னும் விரிந்திருக்கும். அந்த இடைவெளியை நிரப்பி அழுத்தத்தைத் தாங்க 30 கிரேடு போதாது. முன்னால் இருக்கும் ‘20டபிள்யூ’ என்பது குளிரில் எஞ்சின் எவ்வளவு எளிதாகக் கிளம்பும் என்பதைக் குறிப்பது. 20டபிள்யூ ஆயில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 15 டிகிரி வரை சோதிக்கப்படுகிறது. உதகையின் ஜனவரி அதிகாலையில்கூட நமக்கு அந்த நிலை வராது. எனவே 5டபிள்யூ, 0டபிள்யூ என்று அதிக விலை கொடுத்து வாங்குவதால் தமிழ்நாட்டில் இந்தக் காருக்குக் குறிப்பிடத்தக்க லாபம் எதுவும் இல்லை.

இனி ஆயில்களுக்கு வருகிறேன்.

நான் ஊற்றியவற்றில் முதலிடம் வால்வோலின் நிறுவனத்தின் விஆர்1 ரேசிங் 20டபிள்யூ-50க்குத்தான். பந்தயக் கார்களின் பெயரைத் தாங்கியிருந்தாலும் சாலைக் கார்களுக்குத் தேவையான, அழுக்கைக் கரைக்கும் டிடர்ஜென்ட் இதில் உண்டு. ஜிங்க் 0.14 சதவீதம், பாஸ்பரஸ் 0.13 சதவீதம் என்று நிறுவனமே வெளிப்படையாக அறிவிக்கிறது. ஒரு வாடிக்கையாளனாக எனக்கு இந்த வெளிப்படைத்தன்மை மிகவும் பிடித்திருக்கிறது. மே மாத வெயிலில் தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு, சுங்கச்சாவடி வரிசையில் ஐடிலிங்கில் நிற்கும்போது, நான் தனியாகப் பொருத்தியிருக்கும் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் இந்த ஆயிலில் நிலையாக நிற்கிறது. ஆயிரம் சுழற்சிக்குப் பத்து பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கை, சூடேறிய எஞ்சினிலும் இது சிரமமின்றி எட்டுகிறது. குறை என்றால் விலையும் கிடைக்கும் தன்மையும்தான். எல்லா ஊர்களிலும் கடையில் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் பொருள் என்பதால் முன்கூட்டியே சொல்லி வரவழைப்பது பெரிய சிரமம் இல்லை.

இரண்டாவது, லாரிகளுக்கும் டீசல் கார்களுக்கும் விற்கப்படும் 15டபிள்யூ-40 ஆயில். ஏபிஐ சிஐ-4 அல்லது சிஐ-4 பிளஸ் என்று போட்டிருப்பதையே சொல்கிறேன். நம் ஊரில் அம்பாசிடர் வைத்திருந்த டாக்சிக்காரர்களில் பலர் பெட்ரோல் எஞ்சினுக்கும் இதையே ஊற்றி ஓட்டினார்கள். அந்தப் பழக்கத்துக்கு நியாயம் உண்டு. சிஐ-4 தரத்தில் பாஸ்பரஸுக்கு உச்சவரம்பு இல்லை. பெரும்பாலும் நல்ல அளவில் சேர்க்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த சிஜே-4, சிகே-4 தரங்களில் 0.12 சதவீதம் என்ற வரம்பு இருக்கிறது. அதுவும் நமக்குப் போதுமானதே. விலை குறைவு, இந்தியன் ஆயிலின் சர்வோ, பாரத் பெட்ரோலியத்தின் மேக், எச்பி என எந்தப் பங்க்கிலும் கிடைக்கும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். சூடேறிய பிறகு ஐடிலிங்கில் பிரஷர் 20டபிள்யூ-50ஐவிடத் தெளிவாகவே குறைகிறது. சிலிண்டரை ரீபோர் செய்து (கடைந்து) பேரிங் மாற்றிய எஞ்சினுக்கு இது பொருட்டல்ல, தேய்ந்த எஞ்சினுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, டீசல் புகைக்கரியைச் சுமப்பதற்காக இதில் டிடர்ஜென்ட் அதிகம். பல ஆண்டுகள் கவனிக்காமல் விடப்பட்ட எஞ்சினில் இதைத் திடீரென்று ஊற்றினால், சுவர்களில் படிந்திருக்கும் கரிச்சேறு கரைந்து கிளம்பி, எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் இருக்கும் வலை வடிகட்டியில் போய் அடைக்கும் அபாயம் உண்டு. அப்படிப்பட்ட எஞ்சினில் சம்ப்பைக் கழற்றிக் கையால் சுத்தம் செய்துவிட்டு இந்த ஆயிலுக்கு மாறுவதே முறை.

மூன்றாவது, பங்க்குகளிலும் சில்லறைக் கடைகளிலும் பெட்ரோல் கார்களுக்கென்று விற்கப்படும் சாதாரண மினரல் 20டபிள்யூ-50 அல்லது 20டபிள்யூ-40. இந்த வகைக்கு ஒரு வரலாறு உண்டு. காஸ்ட்ரால் நிறுவனம் ஜிடிஎக்ஸ் என்ற பெயரை அறிமுகப்படுத்தியது 1968இல், அதாவது மார்க் 2 அம்பாசிடர் இன்னும் தயாரிப்பில் இருந்த காலத்தில். இன்று அதே பெயரில் வரும் டப்பாவில் அதே கலவைதான் இருக்கும் என்று எந்த நிறுவனத்தைப் பற்றியும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயர் நிலைத்திருக்கும், கலவை மாறிக்கொண்டே இருக்கும். தகவல் தாளில் பாஸ்பரஸ் 0.10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். மாதம் ஒன்றிரண்டு முறை மட்டும் ஓடும் காருக்கு, விலைக்கும் பயனுக்கும் இடையே மிக நியாயமான தேர்வு இதுதான் என்பது என் கருத்து.

நான்காவதாக, புல்லட் போன்ற மோட்டார் சைக்கிள்களுக்கு விற்கும் 20டபிள்யூ-50 ஆயில். இதைக் காருக்கு ஊற்றலாமா என்று கேட்டால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஊற்றலாம் என்பதே என் பதில். மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை பெற்ற ஆயிலில் பாஸ்பரஸ் 0.08 முதல் 0.12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதியிலேயே இருக்கிறது. அதாவது குறைந்தபட்ச அளவுக்கு ஓர் உத்தரவாதம் கிடைக்கிறது. இதே ஆயிலில் ஓடும் மோட்டார் சைக்கிள் கிளட்ச் வழுக்காமல் இருப்பதற்காக உராய்வைக் குறைக்கும் சில பொருள்களை இதில் சேர்ப்பதில்லை. அது இல்லாததால் அம்பாசிடர் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. கியர்ப் பற்களுக்கிடையே நசுங்கியும் தடிமன் இழக்காதபடி தயாரிக்கப்படுவதால் 50 கிரேடு 50 கிரேடாகவே நெடுநாள் நிற்கிறது. லிட்டர் கணக்கில் விலை கூடுதல் என்பது மட்டுமே குறை. வெளியூரில் வேறு எதுவும் கிடைக்காதபோது தைரியமாக இதை வாங்கலாம்.

எஸ்பி தரத்தில் வரும் முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30ஐ இந்த எஞ்சினுக்கு நான் ஊற்றவில்லை, ஊற்றவும் மாட்டேன். சிந்தெடிக் என்பதற்காக அல்ல. தடிமனும் பாஸ்பரஸும் இரண்டுமே இந்த எஞ்சினுக்குக் குறைவு என்பதற்காக. பிரிட்டனின் காஸ்ட்ரால் கிளாசிக் வரிசை, பிரான்சின் மோட்டுல் கிளாசிக், ஆஸ்திரேலியாவின் பென்ரைட் ஆகியவை பழைய கார்களுக்கென்றே தயாரிப்பவை. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளலாம். அவற்றை வரவழைக்கப் பெரும்பணம் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை.

ஆயில் எதுவாக இருந்தாலும், அது உண்மையான ஆயிலாக இருக்க வேண்டும். பிரபலமான பெயர்களில் போலி டப்பாக்கள் சந்தையில் இருக்கின்றன. மூடியின் சீல், டப்பாவில் உள்ள கியூஆர் குறியீடு, தயாரிப்புத் தேதி ஆகியவற்றைக் கடையிலேயே சரிபார்க்க வேண்டும். சென்னை ஜிபி ரோட்டில் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பில்லோடு வாங்குவது பாதுகாப்பு. காலி டப்பாவை எறியும் முன் அதன் மூடியை உடைத்துவிடுங்கள். அதை யாரும் மீண்டும் நிரப்பி விற்க முடியாது.

ஆயிலோடு ஃபில்ட்டரையும் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த எஞ்சினின் பழைய அமைப்பில், கிண்ணத்துக்குள் செருகும் எலிமென்ட் ஃபில்ட்டர் இருக்கிறது. கிண்ணம் பிளாக்கோடு சேரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. பழைய வளையம் சூட்டில் இறுகி, உலோகத்தின் நிறத்திலேயே கறுத்துப் பள்ளத்தோடு ஒட்டிக்கிடக்கும். வெறும் கண்ணுக்கு அது பள்ளத்தின் அடித்தளம் போலவே தெரியும். கூர்மையான ஊசியால் ஒரு முனையைக் குத்தி எழுப்பினால்தான் கழன்று வரும். அதை எடுக்காமல் அதன் மேலேயே புது வளையத்தை வைத்து முடுக்கினால், எஞ்சின் கிளம்பிப் பிரஷர் ஏறியதும் ஆயில் பீறிட்டு வெளியேறும். எந்த ஆயில் நல்லது என்று எவ்வளவு விவாதித்தாலும், அந்த வளையத்தை எடுக்காவிட்டால் பயனில்லை.

இப்போது சேர்ப்புத் திரவங்கள்.

ஜிங்க் பாட்டிலில் தொடங்குகிறேன், ஏனென்றால் இது ஒன்றுக்குத்தான் உண்மையான வேதியியல் அடிப்படை இருக்கிறது. குறைந்த பாஸ்பரஸ் உள்ள ஆயிலை மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில் இது உதவும். ஆனால் அளவைப் பாருங்கள். 4 லிட்டர் ஆயிலின் எடை சுமார் மூன்றரை கிலோ. அதில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்திலிருந்து 0.12 சதவீதத்துக்கு உயர்த்த வேண்டுமானால், கூடுதலாகத் தேவைப்படுவது 1.4 கிராம் பாஸ்பரஸ். 8 சதவீதம் பாஸ்பரஸ் கொண்ட ஒரு செறிவுத் திரவத்தில் அது சுமார் 18 கிராம். கிட்டத்தட்ட ஒரு மேசைக்கரண்டி. இவ்வளவு சிறிய அளவில் வேலை செய்யும் பொருளை, நல்லதுதானே என்று இரண்டு பாட்டில் ஊற்றினால் அளவு எளிதாக எல்லை தாண்டிவிடும். 0.14 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பயன் கிடைப்பதில்லை, 0.20ஐத் தாண்டினால் அதே சேர்மம் இரும்பை அரிக்கத் தொடங்குகிறது. மேலும் ஆயில் தயாரிப்பாளர், டிடர்ஜென்ட்டும் ஜிங்க்கும் ஒரே உலோகப் பரப்புக்காகப் போட்டியிடுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கலவையை அமைத்திருப்பார். வெளியிலிருந்து ஒன்றை மட்டும் கூட்டினால் அந்தக் கணக்கு குலைகிறது. விஆர்1 போன்ற ஆயிலில் ஜிங்க் பாட்டிலை ஊற்றுவது சமைத்த சாம்பாரில் மறுபடியும் உப்புப் போடுவதற்குச் சமம்.

ஆயிலைத் தடிமனாக்கும் ‘ஆயில் ட்ரீட்மென்ட்’, ‘ஸ்டெபிலைசர்’ வகைகள் தேன் போன்ற பிசுபிசுப்பான திரவங்கள். இவற்றை ஊற்றியதும் புகை குறையும், டேப்பெட் சத்தம் அடங்கும், மீட்டரில் பிரஷர் ஏறும். தேய்ந்த ரிங்கும் பேரிங்கும் அப்படியேதான் இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: டிப்ஸ்டிக்கில் ஆயில் நூல் போல இழுபட்டு நின்றால், விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

டெஃப்லான் துகள் கலந்த திரவங்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. இந்த வகையில் மிகவும் புகழ்பெற்றிருந்த ஸ்லிக் 50 மீது, அதன் விளம்பரங்களில் சொன்ன பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம் சாட்டியது. 1997இல் அந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கறுப்புத் திரவம் அப்படிப்பட்டதல்ல. ஜெர்மனியின் லிக்வி மோலி நிறுவனம் அந்தப் பொருளின் பெயரையே தன் பெயராக வைத்திருக்கிறது. உராய்வைக் குறைக்கும் குணம் அதற்கு உண்மையிலேயே உண்டு. ஆனால் அது ஜிங்க்கின் இடத்தை நிரப்பாது. நல்ல ஆயில் ஊற்றிய எஞ்சினில் அதற்குச் செலவழிக்க நான் காரணம் காணவில்லை.

எஞ்சின் ஃப்ளஷ் திரவத்தைப் பழைய எஞ்சினில் ஊற்றவே கூடாது. மேலே சொன்ன வடிகட்டி அடைப்பு அபாயத்தைப் பத்து நிமிடத்தில் வரவழைத்துக்கொள்வதற்கு அது வழி.

ஆயில் கசிவை நிறுத்தும் திரவத்தைப் பற்றி அம்பாசிடர்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இவை ரப்பர் சீல்களை லேசாக ஊதச் செய்து கசிவை அடைப்பவை. ஆனால் மூன்று மெயின் பேரிங் கொண்ட இந்த பி வரிசை எஞ்சினில், கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்கின் மேல் திருகு போலச் சுற்றி வெட்டப்பட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அது சுழலும்போது ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளுகிறது. எஞ்சின் நின்றவுடன் அந்த வேலையும் நின்றுவிடும். எனவே காரை நிறுத்திய இடத்தில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பகுதிக்குக் கீழே சில சொட்டுகள் விழுவது இந்த எஞ்சினின் பிறவிக்குணம். ஊதுவதற்கு ரப்பரே இல்லாத இடத்தில் அந்தத் திரவம் எதை ஊதச் செய்யும்? சொட்டுகள் அதிகமானால் பார்க்க வேண்டியது பிரீதர் குழாய். அது அடைத்திருந்தால் கிராங்க் அறைக்குள் காற்றழுத்தம் ஏறி, ஆயிலைக் கிடைத்த வழியிலெல்லாம் வெளியே தள்ளும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினாலே பல கார்களில் கசிவு பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பெட்ரோலில் ஊற்றும் ஈயப் பதிலித் திரவம் தனி விஷயம். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. மார்க் 2 எஞ்சினின் வார்ப்பிரும்பு ஹெட்டில், வால்வு மூடும்போது உட்காரும் இடங்களான வால்வு சீட்டுகள் ஹெட்டிலேயே நேரடியாகக் கடையப்பட்டவை. ஈயத்தின் படிவு இல்லாமல் எக்ஸாஸ்ட் சீட்டு மெல்ல மெல்ல உள்வாங்கக்கூடும். நிதானமாக, குறைந்த தூரம் ஓடும் காரில் இது மிக மெதுவாகவே நடக்கும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் திரவம் பயனுள்ளது. நிரந்தரத் தீர்வு, ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினப்படுத்திய சீட்டு வளையங்களைப் பொருத்திவிடுவது. அதைச் செய்த எஞ்சினுக்கு இந்தத் திரவம் தேவையில்லை.

நமக்கு ஈயப் பதிலித் திரவம் தேவையா, ஆயில் சரிதானா என்பதை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் இந்தப் பழைய அமைப்பின் பெரிய வசதி. ஒவ்வொரு முறை டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி) பார்க்கும்போதும் எட்டு வால்வுகளின் அளவையும், சரிசெய்யும் முன்பே, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி முறைக்கு முறை குறைந்துகொண்டே வந்தால், சீட்டு உள்வாங்குகிறது. ஈயப் பதிலியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் கூடிக்கொண்டே வந்தால், அந்தக் கேம் லோபோ டேப்பெட்டோ தேய்கிறது. ஆயிலைப் பற்றி யோசிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுகூட இல்லை. மேனிஃபோல்டுக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் டேப்பெட் மூடிகள் இருக்கின்றன. புஷ் ராடை உருவிவிட்டு மூடியைத் திறந்தால் டேப்பெட்டை விரலால் எடுத்துவிடலாம். நல்ல டேப்பெட்டின் அடிமுகம் கண்ணாடி போல் மின்னும், வட்டவட்டமான மெல்லிய தடங்களோடு இருக்கும். அது சுழன்றுகொண்டே வேலை செய்கிறது என்பதற்கு அந்த வட்டங்களே சாட்சி. நேர்க்கோடாக ஒரு பட்டை விழுந்திருந்தாலோ, நடுவில் குழிந்திருந்தாலோ, ஊசியால் குத்தியது போல் புள்ளிகள் இருந்தாலோ அந்த டேப்பெட்டும் அதன் லோபும் போய்விட்டன என்று பொருள். எந்த ஆயிலும் எந்தப் பாட்டிலும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொன்னதற்கு இரண்டு காரணங்கள். 50 ஆண்டைத் தாண்டிய வாகனங்களை 2021இன் மத்திய விதிகளின் கீழ் ‘விஏ’ எண் வரிசையில் விண்டேஜாகப் பதிவு செய்தால், அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட அனுமதி இல்லை; கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். எனவே கார் பெரும்பாலும் நிற்கிறது. நிற்கும் எஞ்சினில், எரிந்த வாயுவிலிருந்து ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்கை அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சோக்கை இழுத்துக் கிளப்பிப் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டால், எரியாத எரிபொருளும் நீரும் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கின்றன. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போல வெளுத்த படிவு தெரிந்தால் அதுதான் காரணம். கிளப்பினால் அரை மணி நேரமாவது முழுச் சூட்டில் ஓட்டுங்கள், அல்லது கிளப்பாமலே விடுங்கள். நீண்ட காலம் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பழைய ஆயிலோடு நிறுத்தாமல், நிறுத்தும் முன்பே புது ஆயில் ஊற்றி ஒருமுறை ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

கூடுதல் ஜிங்க்கை நான் மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு: கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் புதிதாக மாற்றிய எஞ்சினின் முதல் ஓட்டம். பொருத்தும்போதே லோப்களிலும் டேப்பெட் முகங்களிலும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தாராளமாகத் தடவ வேண்டும். ஆயிலாக விஆர்1ஐயோ, பிரேக்-இன் ஆயில் என்றே விற்கப்படும் ஒன்றையோ ஊற்ற வேண்டும். ஊற்றியிருப்பது குறைந்த பாஸ்பரஸ் உள்ள ஆயில் என்றால் மட்டும் ஜிங்க் பாட்டிலைக் குறிப்பிட்ட அளவில் சேர்க்கலாம். இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டரையும் முன்பே சரிபார்த்து, செல்ஃப் போட்டுப் போட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே கிளம்பும்படி வைத்துக்கொண்டு, கிளம்பியவுடன் ஐடிலிங்குக்கு விடாமல் 2000 முதல் 2500 சுழற்சிக்குள் கூட்டியும் குறைத்தும் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ரேடியேட்டர் சூடேறினால் அணைத்துவிட்டு ஆறியபின் மீதி நேரத்தை முடிக்கலாம். அதன்பின் அந்த ஆயிலையும் ஃபில்ட்டரையும் முழுவதுமாக மாற்றிவிட்டு, வழக்கமான 20டபிள்யூ-50க்கு வந்துவிடலாம்.